சாட்சிக் கிண்ணம்

பூனைக்குத் தாகம் என்பது கொஞ்சம் மந்தமான கருவி. நம் உடம்பில் சிறிது நீர் குறைந்தாலே நாக்கு வறண்டுவிடும், தண்ணீர்க் குவளையைத் தேடிப் போவோம். பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்தில் எலியையும் பறவையையும் தின்று வாழ்ந்தவை. எலியின் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான். சாப்பாட்டோடு தண்ணீரும் வந்துவிட்டதால், தனியாகத் தேடிக் குடிக்கும் புத்தி அதற்கு வளரவில்லை. அப்படிப்பட்ட பிராணியை வீட்டுக்குள் வைத்துக் காய்ந்த உருண்டைத் தீனி போட்டால், அது தின்னும், பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் ஒரு வாய் நக்கும், போய்ப் படுத்துவிடும். மிச்சத்தைச் சிறுநீர்ப்பைதான் சமாளிக்க வேண்டும். நீர் குறையக் குறைய அதில் உள்ள உப்பு கெட்டிப்பட்டு மணல்போல் ஆகும். ஆண் பூனைக்குக் குழாய் ஒடுக்கம். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் எங்கள் மேனேஜர் அடைபட்ட பிறகு நான் தெரிந்துகொண்டது.

மேனேஜர் என்பது பூனையின் பெயர். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பான் என்பதால் என் மனைவி வைத்தது. அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். வெட்டித் தள்ளிய துணிக் குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனைப் பிள்ளை என்றும் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மருத்துவமனையில் அவனுக்குக் குழாய் போட்டபோது, நகத்தைக் கடித்துக் கடித்து அவள் விரல் ரத்தமாகிவிட்டது.

"இந்தத் தடவ எடுத்து விட்டுட்டேன்," என்றார் டாக்டரம்மா. "அடுத்த தடவ அடைச்சா ஆபரேஷன்தான். அதுக்கு ஆகிற செலவு..." என் காலடியில் இருந்த கருவிப் பையைப் பார்த்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "அதுக்குப் போக வேணாம். சாப்பாட்டுல தண்ணி இருக்கட்டும். எடை குறைய விடாதீங்க. பூனை சாப்பிடாம கெடந்தா ஈரல் கெட்டுரும். ரெண்டே விஷயம். சட்டுனு மட்டும் மாத்திராதீங்க, பழைய தீனியக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க."

ஈரம், எடை. இந்த இரண்டையும் எங்கள் வருமானத்துக்குள் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் மேனேஜர் இருக்க மாட்டான்.

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. உலர் தீனி மலிவு, மூட்டையாக வாங்கினால் இன்னும் மலிவு, கெடாது. ஆனால் அதில் நீர் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பாக்கெட்டில் வரும் ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் நீர். விலை கையைக் கடிக்கும். மூன்றாவது பச்சை இறைச்சி. எலிக்கு நெருக்கமானது, மலிவானதும்கூட. ஆனால் வெறும் சதை மட்டும் போட்டால் பூனைக்குச் சத்து சரிவராது. இதயம் வேண்டும், ஈரல் கொஞ்சம் வேண்டும், எலும்புக்கு ஈடாக ஏதாவது வேண்டும். கிருமி வேறு. உறைய வைத்தால் கிருமி தூங்குமே தவிரச் சாகாது.

விலையை ஒப்பிடவும் ஒரு முறை உண்டு. ஈரத் தீனிப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து அடுப்பில் வைத்து, நீர் முழுக்கப் போகும்வரை காய வைத்தேன். ஒரு கைப்பிடி தீனி, இரண்டு விரலால் கிள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "மிச்சமெல்லாம் தண்ணியா? தண்ணியவா இந்த வெலைக்கு விக்கிறாங்க?"

"ஆமா. ஆனா நமக்கு வேண்டியதே அந்தத் தண்ணிதானே."

"அப்ப அந்தத் தண்ணிய நாமளே ஊத்திக்க வேண்டியதுதானே, உலர் தீனியில?"

நல்ல கேள்வி. ஊறவைத்த உலர் தீனியை அவன் தின்பானா, எவ்வளவு தின்பான், அதில் எடை நிற்குமா? ஊகத்தில் சொல்லக் கூடாது. நிறுத்துப் பார்க்க வேண்டும். நிறுப்பது என் தொழில். கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துத் திருத்திக் கொடுப்பவன் நான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நான் சுமந்து போகும் எடைக்கற்களில் ஒன்றை எதற்கும் பயன்படுத்துவதில்லை. அது துணி விரித்த பெட்டிக்குள்ளேயே இருக்கும். விரலில் இருக்கும் எண்ணெய்கூட எடைதான் என்பதால் வெறுங்கையால் தொடுவதும் இல்லை. மற்ற கற்கள் தேய்ந்துவிட்டனவோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்து ஒப்பிடுவோம். எங்கள் பேச்சில் அதற்குச் சாட்சிக் கல் என்று பெயர்.

பூனைத் தீனிக்கும் ஒரு சாட்சி வேண்டும். ஏனென்றால் கிண்ணத்தில் வைத்த ஈரத் தீனி தானாகவே எடை இழக்கும், நீர் ஆவியாவதால். காலையில் வைத்ததில் மாலையில் குறைந்திருப்பதெல்லாம் பூனை தின்றது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். எனவே அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றில், அதே தீனியை, அதே அளவு வைத்து, அதே அறையில், பூனைக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். அதில் குறைவது ஆவி. மேனேஜரின் கிண்ணத்தில் குறைந்ததிலிருந்து அதைக் கழித்தால் பூனையின் வயிற்றுக்குள் போனது தெரிந்துவிடும்.

சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சிறிய அறை இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரி மேசை, மேனேஜரின் மணல் தட்டு, என் பழுது பார்க்கும் பலகை எல்லாம் அங்கேதான். இயந்திரத்துக்கு மேல் இருந்த அலமாரித் தட்டில் சாட்சிக் கிண்ணத்தை வைத்து, வலை மூடியால் மூடி, மேலே ஒரு பழைய எடைக்கல்லையும் ஏற்றினேன்.

"அது யாருக்கு?" என்றாள்.

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாததுக்கு எதுக்கு மூடி?"

"யாரும் திங்கக் கூடாதுன்னுதான்."

"தினமுமா?"

"வேளாவேளைக்கு. மேனேஜருக்கு வைக்கிறப்பவெல்லாம் இதுக்கும்."

"வீட்டுல வேலை செய்யாம ஒக்காந்து சாப்பிட ஒருத்தன் பத்தாதா?" என்றாள். இருவரும் சிரித்தோம்.

முதல் சில நாள் பழைய உலர் தீனிதான். சாட்சிக் கிண்ணத்தில் எடை குறையவில்லை, ஒரு துளி கூடியது. காய்ந்த பொருள் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பிஸ்கட் நமத்துப்போவது அதனால்தான். நான் மகிழ்ந்துபோய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒங்களுக்கு என்ன கொடுத்தாலும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈரத் தீனி. மேனேஜர் விழுந்து விழுந்து தின்றான். மணல் தட்டில் கட்டி கட்டியாக விழுந்தது. அந்த மணல் ஈரம் பட்டால் இறுகும், கட்டியின் அளவு அவன் போன சிறுநீரின் அளவு. மனைவி அதற்குக் 'கையெழுத்து' என்று பெயர் வைத்தாள். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "மேனேஜர் இன்னைக்கு எத்தன கையெழுத்துப் போட்டாரு?" என்று கேட்பாள். சாட்சிக் கிண்ணத்தில் தீனியின் மேல் மெல்லிய ஆடை படர்ந்து, நான் எதிர்பார்த்த அளவு எடை குறைந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் அதிகமாகக் குறைந்தது.

வெயில் அதிகம் என்று நினைத்தேன். மறுநாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தது, அன்றைக்கும் அப்படியே. இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தராசை. எடைக்கற்களை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சாட்சிக் கல்லையே எடுத்து வைத்தேன். மயிரிழை பிசகவில்லை. எறும்பாக இருக்குமோ என்று அலமாரியின் கால்களைச் சுற்றித் தண்ணீர் வைத்தேன். எலியோ என்று மூடியைச் சுற்றி மாவு தூவினேன். மாவில் ஒரு கோடுகூட விழவில்லை. மூடியின் மேல் இருந்த கல் நகரவில்லை. ஆனால் எடை குறைந்தது, வரவர அதிகமாக.

கிண்ணத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே படர்ந்த ஆடை ஓரிடத்திலும் கிழியாமல், விளிம்புவரை வழவழவென்று இருந்தது. தேக்கரண்டியின் முனையால் லேசாக அழுத்தினேன். ஆடை உள்ளே விழுந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. கிண்ணத்தின் பீங்கான் அடி, கழுவித் துடைத்ததுபோல் மின்னியது.

மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழேர்ந்து திங்குது" என்றாள்.

"எது?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான வச்சீங்க."

அன்றோடு சாட்சியை நிறுத்தினேன். எனக்குத் தேவையான கணக்கு கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். கிடைக்கவில்லை. அந்த ஆடைக்கு அடியில் பார்த்த பள்ளத்தை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை, அதுதான் காரணம்.

அடுத்த வாரம் மேனேஜர் இளைத்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவன் கிண்ணம் தினமும் காலியானது. வைத்தது முழுவதும் போனது. ஆனால் முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட்டது. கையெழுத்துகள் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்தன. உள்ளே போனால்தானே வெளியே வரும். கிண்ணத்திலிருந்து போனது ஒன்று, மேனேஜருக்குள் போனது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓட்டை.

டாக்டரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "வாந்தி எடுக்கிறானா? வயித்தால போகுதா? இல்லையா? அப்ப அவன் சாப்பிடல சார். நீங்க கிண்ணத்தப் பாக்காதீங்க, பூனையப் பாருங்க. இன்னும் எளைச்சா உடனே கொண்டாங்க."

அவர் சொன்னது சரி. அதுவரை நான் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாளில் காலைத் தீனியை வைத்துவிட்டு அறையிலேயே நின்று பூனையைப் பார்த்தேன். அவன் ஓடி வந்தான், கிண்ணத்துக்கு ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்தான், வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். பசியில் எச்சில் ஒழுகியது. ஆனால் கிட்டப் போகவில்லை. வரிசையில் தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்பதுபோல் காத்திருந்தான்.

நான் தராசுக்காரன், சும்மா இருக்க முடியவில்லை. கூடத்தில் ஒரு மேடைத் தராசு இருந்தது, யாரோ திருத்தக் கொடுத்தது. இந்த மாதிரித் தராசுக்குள் ஓர் உலோகக் கட்டை இருக்கும். மேலே பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு அது வளையும், வளைவை மின்சாரம் எண்ணாக்கிக் காட்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. பயம், ஆசை, நம்பிக்கை எதுவும் அதற்குக் கிடையாது. அதைத் தரையில் வைத்து, நடுவில் புதிதாக நிரப்பிய கிண்ணத்தை வைத்தேன். எண் நிலைத்து நின்றது. நான் கதவருகே ஒதுங்கினேன். மேனேஜர் தராசுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எண் கூடியது. கூடி நின்றது. மறுபடி கூடியது, நின்றது. மூன்றாவது தடவை. நான்காவது தடவை. யாரோ மேடையில் ஏறுகிறார்கள். காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நிதானமாக.

கிண்ணத்தைப் பார்த்தேன். தீனி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த ஈரக் கோடு மேலேயே நிற்க, நடுவே குழி விழுந்து ஆழமானது. எண்ணைப் பார்த்தேன். அது அசையவில்லை.

அது அசையாததுதான் என்னைச் சுவரோடு சாய வைத்தது. தீனி குறைந்தால் எடை குறைய வேண்டும். குறையவில்லை என்றால் தீனி தராசை விட்டு எங்கேயும் போகவில்லை. கிண்ணத்திலிருந்து வேறொன்றுக்குள் போயிருக்கிறது, அந்த வேறொன்று இன்னும் மேடையிலேயே நிற்கிறது.

கிண்ணத்தில் பாதி போனதும் எண் இறங்கியது. படிப்படியாக, நான்கு தடவை. மேனேஜர் எழுந்து போய் மிச்சத்தைத் தின்றான்.

கூடியது எவ்வளவு என்று மனக்கணக்கு போட்டேன். சாட்சிக் கிண்ணத்தில் காணாமல் போனதையும், இந்த வாரம் மேனேஜருக்குப் போய்ச் சேராமல் விட்டதையும் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய சரியாக வந்தது. எலும்பு, தோல், நகம் என்று சொந்தமாக ஓர் எடை அதற்கு இல்லை. நாங்கள் கொடுத்தது மட்டும்தான் அதன் எடை.

மனைவி கூடத்தில் உட்கார்ந்து திரைச்சீலைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"எவ்வளவு பெருசு இருக்கும்?"

"எடைய வச்சுப் பாத்தா... பால் மறந்த குட்டி அளவு."

ஊசி நின்றது. "குட்டியா?"

"அப்படின்னு சொல்ல முடியாது. அந்த அளவு எடை, அவ்வளவுதான்."

"நாலு கால்னு சொன்னீங்களே?"

"நாலு தடவ ஏறுச்சுன்னு சொன்னேன்."

"நீங்கதான் கூப்பிட்டிருக்கீங்க."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"யாருமே இல்லாத எடத்துல, வேளாவேளைக்கு, தட்டு வச்சு, மூடி வச்சு... அதுக்குப் பேரு என்ன? கூப்பிடறதுன்னா வேற எப்படிக் கூப்பிடுவாங்க?" நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கூப்பிட்டுட்டு நிறுத்திட்டீங்க. அது என்ன பண்ணும், இருக்கிற தட்டுக்கு வருது" என்றாள்.

அவள் சொன்னதில் எனக்குத் தப்பிக்க வழி தெரிந்தது. உலர் தீனி வைத்த நாள்களில் சாட்சிக் கிண்ணத்தை எதுவும் தொடவில்லை. அதற்கு உலர் தீனி பிடிக்காது. மேனேஜருக்கும் அதையே போட்டால் போய்விடும். ஆனால் மேனேஜர் அடைத்துக்கொள்வான். எனவே மறுநாள் காலை உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்து மேனேஜருக்கு வைத்தேன், அலமாரியில் மறுபடி சாட்சிக் கிண்ணம் வைத்து அதில் காய்ந்த தீனியைப் போட்டேன். இங்கே உனக்கு இதுதான், பிடிக்காவிட்டால் வேறு வீடு பார் என்று சொல்வதுபோல.

அன்று மதியம் இரண்டு கடை வேலைகளுக்கு நடுவே வீட்டுக்கு வந்து பார்த்தபோது மேனேஜர் துவைக்கும் இயந்திரத்தின் மேல் நின்றிருந்தான். அவன் வாயில் ஊறிய உருண்டை ஒன்று இருந்தது. முன்காலைத் தூக்கி அலமாரித் தட்டின் விளிம்பில் வைத்து, மூடிக்குப் பக்கத்தில் அதை மெல்ல இறக்கி வைத்தான். பிறகு இறங்கி வந்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். அவனுடைய விலா எலும்புகளை நான் நின்ற இடத்திலிருந்தே எண்ண முடிந்தது.

"பாருங்க," என்றாள் மனைவி அன்று மாலை, நான் கண்டதைச் சொன்னதும். "அவனே குடுக்கிறான். நீங்க அவனுக்கு என்ன வச்சாலும் பாதி அங்கதான் போகப் போகுது. ரெண்டு பேருக்கும் சேத்து ஆகற மாதிரிப் பாருங்க. கணக்கு ஒங்களுக்குத் தெரியாததா?"

இரண்டு பேருக்கும் ஈரத் தீனிப் பாக்கெட் என்றால் மாதம் பாதியிலேயே கை காலியாகிவிடும். மீதி இருந்தது பச்சை இறைச்சி. மறுநாள் கறிக்கடைக்குப் போனேன். அந்தக் கடைத் தராசை நான்தான் திருத்துவது வழக்கம்.

"கோழி இதயம், கழுத்து, கொஞ்சம் ஈரல். தினமும் வேணும்ணே."

"தினமுமா? என்ன தராசுக்காரரே, புலி வளக்கிறீங்களா?"

"பூனைதான்."

"பூனைக்குப் பச்சக்கறி வேணாம், கிருமி இருக்கும்னு போன வாரம் நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? அரை மணி நேரம்! வாடிக்கைக்காரங்க கியூவுல நின்னாங்க."

"அது அந்தப் பூனைக்கு. இது இன்னொண்ணு."

"இன்னொண்ணு வந்துருச்சா? என்ன கலர்?"

நான் பையைத் திறந்து நீட்டினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பச்சை இறைச்சியைப் பொறுத்தவரை கிருமி, சுண்ணச்சத்து, இதயத்துக்கும் ஈரலுக்கும் உள்ள விகிதம் என்று யோசிக்க எத்தனையோ இருக்கிறது. தின்பதற்கு வயிறு, சிறுநீரகம், ரத்தம் என்று இருந்தால்தானே அந்தக் கவலை. சாட்சிக் கிண்ணத்தில் இறைச்சியைப் போட்டேன். மூடி போடவில்லை. மாலையில் கிண்ணம் பளபளவென்றிருந்தது. மேனேஜர் கீழே தன் கிண்ணத்தில் தலையை விட்டு, காத்திருக்காமல், காதை மடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தான்.

அந்த நாளிலிருந்து அவன் தேறினான். காலையில் ஊறவைத்த உலர் தீனி, மாலையில் பாதிப் பாக்கெட் ஈரத் தீனி, அதிலும் ஒரு கரண்டி வெந்நீர். இதுதான் நாங்கள் கண்ட வழி, எங்கள் கைக்கு எட்டியதும் இதுதான். கையெழுத்துகள் பெரிதாயின. டாக்டரம்மா அவனைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணிட்டீங்க. இப்படியே போங்க" என்றார். மேசையிலிருந்து அவனைத் தூக்கி என்னிடம் தந்தவர், கைகளைத் துடைத்துக்கொண்டு மேசையின் வெறும் பரப்பை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். அவன் உட்காராத ஒரு பக்கத்தில் ரப்பர் விரிப்பு அமுங்கியிருந்தது.

இறைச்சியை ஒரே ஒரு நாள் தவறவிட்டோம். கறிக்கடை அடைத்திருந்தது. வேறு கடைக்குப் போக எனக்கு நேரமில்லை, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். மதியம் வந்து உட்கார்ந்தபோது மனைவி எனக்காக மேசையில் மூடி வைத்திருந்த சூப் ஆறிப்போய், மேலே ஆடை படர்ந்திருந்தது. கரண்டியை வைத்தேன். கரண்டி உள்ளே விழுந்து பீங்கானில் மோதிச் சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு தவறவிட்டதில்லை. மனைவி வேலைக்குப் போகும் முன் அவளே வாங்கி வைத்துவிட்டுப் போகிறாள். புதுச் சட்டை வேண்டாம் என்கிறாள், பேருந்துக்குப் பதில் நடக்கிறாள். நான் கூடுதலாக இரண்டு கிடங்குகளுக்குத் தராசு பார்க்கிறேன். இதை நிறுத்தினால் முதலில் காலியாகும் கிண்ணம் எது, அடுத்தது எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இஸ்திரி மேசையில் மடித்து வைத்த துண்டுகளின் மேல் மேனேஜர் தூங்கி எழுந்த பள்ளம் வட்டமாகத் தெரியும். இப்போது அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம். முதலில் அது சின்னதாக இருந்தது. சில மாதங்களில் இரண்டும் ஒரே அளவாகிவிட்டன. கையை வைத்துப் பார்த்தால் ஒன்றில் வெதுவெதுப்பு இருக்கும். மற்றதில் இருக்காது.

இரண்டும் ஒரே அளவாக வந்த பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் விழத் தொடங்கியது. அதற்குப் போதும்போல. அல்லது, இதற்குமேல் வளர வேண்டாம் என்று முடிவு செய்ததோ என்னவோ. நான் நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுக்காமல் ஒரு விஷயத்தை விட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

நேற்று மாலை வேலை முடிந்து வந்தேன். மனைவி கூடத்து நாற்காலியில், தைக்க வேண்டிய துணியை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுடைய இடது தொடையில் மேனேஜர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கொழுத்திருந்தான், முடி மினுமினுத்தது. வலது தொடையில் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் சேலை மட்டும் தாழ அமுங்கி, மடிப்புகள் விரிந்து கிடந்தன.

"வந்துட்டீங்களா?" என்றாள் கண்ணைத் திறக்காமல். "காலு மரத்துப்போச்சுங்க. ஒண்ண எடுத்துக்கோங்களேன்."

மேனேஜரைத்தான் தூக்கப்போனேன்.

"அவன எழுப்பாதீங்க, பாவம், இப்பத்தான் தூங்கினான். அந்தப் பக்கம்."

கருவிப் பையைக் கீழே வைத்தேன். குனிந்து, வெறுமையாக இருந்த அவள் மடியின் வலப்பக்கத்துக்கு இரண்டு கைகளையும் கொண்டுபோனேன். நான் தொடுவதற்கு முன்பே, ஒரு காலை எடுத்து வைத்து, பிறகு இன்னொரு காலை, அது என் கைகளுக்கு மாறியது.